தேங்காய் ஓட்டுக் கரி ஈயத்தையும் பாதரசத்தையும் பிடிக்குமா?

தண்ணீரிலுள்ள ஈயத்தையும் ஆலைப் புகையிலுள்ள பாதரசத்தையும் தேங்காய் ஓட்டுக் கரி எடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கும், ஆனால் சாதாரண அடுப்புக் கரி போதாது. 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவி செலுத்திச் சுட்டால் உள்ளே நுண்துளைகள் திறக்கும். அப்புறம் ஒரே கிராமின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். அரைத் தேக்கரண்டி தூளுக்குள் கால் ஏக்கர்!

ஈயத்தைப் பிடிப்பது துளை மட்டுமல்ல. துளைச் சுவரில் இருக்கும், ஆக்சிஜன் கொண்ட அணுத் தொகுதிகள்தான் ஈய அயனியை (மின்னூட்டம் கொண்ட ஈய அணுவை) இழுத்துக்கொள்கின்றன. தண்ணீரில் அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும், ஈயம் தப்பிவிடும்.

பாதரச ஆவி வெறும் கரியில் சரியாக ஒட்டாது. அதனால் அனல்மின் நிலையங்களில், பாதரசத்தோடு வினைபுரியும் புரோமின் ஏற்றிய கரித்தூளைப் புகைக்குள் தூவி, பை வடிகட்டியில் பிடிக்கிறார்கள்.

வீட்டு வடிகட்டியில் கரியைத் தயவுசெய்து காலம் தாண்டி வைக்காதீர்கள். கரி நிரம்பிவிட்டால் ஈயம் அப்படியே கடந்து வரும், நாக்குக்குத் தெரியாது.