அப்பா கடைசி வரிசையில் நிற்கிறார்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 23. 14 வயதில் ராப் பாடத் தொடங்கினேன். எங்கள் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருநாள் வட்டமாக நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவோம். யாராவது வாயாலேயே பீட் போடுவார்கள். பள்ளியில் எவர் கண்ணிலும் படாத என்னை ஆளாக்கியது அந்த வட்டம்தான்.

16 வயதில் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். அவருடைய கத்தல், உடைந்த தட்டு, நான் கதவுக்குப் பின்னால் நின்றது எல்லாம் அதில் வரும். அதனால்தான் எனக்குப் பெயர் கிடைத்தது. இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அப்பா குடியை விட்டு நான்கு வருடமாகிறது. போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நிகழ்ச்சிக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார். இரண்டாம் வரியிலேயே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பீட் அது பாட்டுக்கு ஓடியது. நண்பன் மைக்கை வாங்கி ஒப்பேற்றினான். அன்றிலிருந்து வட்டத்தில் என் முறை வந்தாலே வார்த்தை வருவதில்லை. அந்தப் பாட்டை விட்டால் ஆள் மாறிவிட்டான் என்பார்கள். பாடினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புத் தம்பி,

முதலில் நாக்கு விஷயம். திறமை எங்கும் போய்விடவில்லை. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 ராப் பாடகர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பாடச் சொன்னார்கள். மனப்பாடமாகப் பாடும்போது இருந்ததைவிட, அந்தக் கணத்தில் கட்டிப் பாடும்போது, நம்மை நாமே மேற்பார்வையிட உதவும் முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருந்தன. பன்னிரண்டு பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் உங்கள் நிலை அதற்கு நேர்மாறாகத் தெரிகிறது. உங்களுக்குள் இருக்கும் மேற்பார்வையாளர் அடங்க மறுக்கிறார். அவருக்கு இப்போது அப்பாவின் முகம் வேறு வந்துவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்ற பையன் பொய் சொல்லவில்லை. அப்பா திருந்தியதால் அன்று நடந்தது நடக்காததாகிவிடாது. அதற்காக ஆயுள் முழுக்க அதே கதவருகில் நிற்க வேண்டியதும் இல்லை. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டி.ஜே., ஆடுகிறவர்களுக்காக ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, சில நொடித் தாளத்தை நீட்டிக்கொண்டே போனார். உங்கள் கலை முளைத்ததே அப்படித்தான். உங்கள் ரசிகர்களோ உங்கள் பதினாறாம் வயதை அப்படி ஓட்டச் சொல்கிறார்கள். ஆடுகிறவர்களுக்குச் சுகம்தான், தேய்வது நீங்கள்.

மூன்று மாதம் அந்தப் பாட்டை எடுத்து வையுங்கள். யாராவது கேட்டால் “இன்று இல்லை” போதும், விளக்கம் வேண்டாம். வட்டத்தில், அன்று மைக்கை வாங்கிய நண்பனை அருகில் நிறுத்திக்கொண்டு நான்கே வரி பாடுங்கள். எதுகை மோனை விழட்டும். பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படபடப்பு மேடையைத் தாண்டித் தூக்கத்தையும் வேலையையும் பிடித்தால், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அவசரப்பட்டு மன்னிப்புப் பாட்டு ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள். கூட்டம் கைதட்டும். வீட்டில் பேச வேண்டியது மறுபடியும் மேடைக்குப் போய்விடும்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பாட்டு அப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. தெரிந்தேதான் வந்து நின்றாரோ என்னவோ. அவரிடமே கேளுங்கள்.