6,80,000 ரூபாய் மென்பொருளா, முதலில் ஒரு சரக்குப் பட்டியலா?

கேள்வி: குன்னூரில் டீத்தூள், நீலகிரித் தைலம், ஹோம்மேட் சாக்லேட் விற்கும் கடை நடத்துகிறோம். ஊட்டியில் ஒரு கிளை. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகளுக்கான திட்டம்) இருக்கிறோம். பில்லிங், ஸ்டாக், வெப்சைட், மொபைல் ஆப் எல்லாம் சேர்த்து 6,80,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் கொட்டேஷன் தந்திருக்கிறது. 60 சதவீதம் முன்பணம், ஏப்ரல் 1-ல் தொடக்கம். நடுவில் இருக்கும் ஆலோசகர், அரசு விதிப்படி இது இனி கட்டாயம் என்கிறார். மானியமும் வாங்கித் தருவாராம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு 3,500 ரூபாய் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: போடாதீர்கள் அம்மா.

முதலில் அந்த ‘கட்டாயம்’. கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் அழியாமல் பதிந்து வைக்கும் மென்பொருள் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்தான். ஆனால் அது கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு. நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்று எழுதவில்லை. சொந்தக் கடை என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அந்த விதி இல்லை. இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவது, ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு. காம்போசிஷனில் இருக்கிறீர்கள் என்றாலே 1.5 கோடிக்குள்தானே? உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆதார், பான் எண்ணோடு உட்கார்ந்தால் நீங்களே முடித்துவிடலாம். மானியம் உண்டா என்பதை ஊட்டியில் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். கடைக்காரருக்குப் புரிகிற தமிழில் அரசு இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டிருந்தால் இந்த ஆலோசகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. போடமாட்டார்கள். விதியை மாற்றுவார்கள், படிவத்தை மாற்றுவார்கள், அந்தக் குழப்பத்தில் நடுவில் ஒருவர் காசு பார்ப்பார்.

இனி திட்டம். மூன்று வருடம் கழித்துக் கடை எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். ஊட்டியில் இன்னொரு கடையா, வெளியூருக்குக் கூரியர் வியாபாரமா, இருக்கும் இரண்டு கடையிலேயே நஷ்டத்தைக் குறைப்பதா? கொட்டேஷனில் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கேட்டிருக்கிறார்கள். அளவெடுக்காமல் சட்டை தைத்த கதை.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றே: சரக்குப் பட்டியல். உங்கள் வியாபாரத்தின் சிக்கலே அதில்தான். டீ மூட்டையாக வருகிறது, பாக்கெட்டாகப் போகிறது. தைலம் கேனில் வந்து பாட்டிலில் போகிறது. சாக்லேட்டைத் தட்டில் ஊற்றி, வெட்டி, எடை போட்டு விற்கிறீர்கள். சிந்துவது, ருசி பார்க்கக் கொடுப்பது, வெள்ளை பூத்து ஒதுக்குவது எல்லாம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. ஒரே டீக்குக் குன்னூர்க் கடையில் ஒரு பெயர், ஊட்டியில் வேறு பெயர் இருக்கும், பார்த்தால் தெரியும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு எண், எந்த அளவில் வாங்குகிறோம், எந்த அளவில் விற்கிறோம் என்று எழுதுங்கள். நூறு பக்க நோட்டு போதும். உங்கள் கடையில் பில் போடுபவர் இதை எந்த மென்பொருள்காரரையும்விட நன்றாகச் செய்வார்.

பிறகு அவர்களைக் கூப்பிட்டு டெமோ கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் கணக்கை வைத்தல்ல, உங்கள் கணக்கை வைத்து. 30 கிலோ மூட்டையை 250 கிராம் பாக்கெட்டாக மாற்றி, 120-க்குப் பதில் 118-தான் தேறியது என்று பதியச் சொல்லுங்கள். மளிகைக்கடைக்கு எழுதியதைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்திருந்தால் இங்கேயே திணறும். அடுத்து நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பில் போடச் சொல்லுங்கள். மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் இங்கே என்ன ஆகும் என்பது கீழ்நாட்டு நிறுவனத்துக்குத் தெரியாது. மூன்றாவது, ஒரு பொருளின் வரி விகிதத்தை நீங்களே மாற்றிப் பாருங்கள். காம்போசிஷனில் இருக்கும்வரை பில்லில் வரி போட முடியாது, ஆனால் அதிலிருந்து விலகினால் இது தேவைப்படும். 2025 செப்டம்பர் 22-ல் சாக்லேட் வரி 18-லிருந்து 5 சதவீதம் ஆயிற்று. அப்படி ஒரு நாளில் அவர்களுக்குப் போன் போட்டுக் காத்திருக்க முடியுமா? பில்லில் உங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் விழுகிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து அது வேண்டும்.

இப்போது கொட்டேஷனில் யாரும் சொல்லாத விஷயம். காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. மதுரைக்குக் கூரியர் அனுப்பலாம். பெங்களூருக்குக் கூடாது, பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக்கும் கூடாது. வெப்சைட் திறந்த முதல் வாரமே பெங்களூர் ஆர்டர் வரும். ‘அப்படியானால் கடைக்கு வரும் கேரளாக்காரருக்கு விற்கிறோமே?’ என்பீர்கள். ஜிஎஸ்டி பதிவில்லாத வாடிக்கையாளர், கவுன்டரில் வாங்கிக் கையோடு கொண்டு போகிறார், பில்லில் முகவரி இல்லை என்றால் அது தமிழ்நாட்டு விற்பனை. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல், பில்லில் வாடிக்கையாளரின் முகவரியை எழுதினால் அந்த மாநிலத்து விற்பனையாகிவிடும். முழு முகவரிகூட வேண்டாம், மாநிலத்தின் பெயர் இருந்தாலே போதும். புது மென்பொருளில் ‘வாடிக்கையாளர் விவரம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் கடைப் பையன் பொறுப்பாகக் ‘கோழிக்கோடு, கேரளா’ என்று அடிப்பான். அத்தோடு காம்போசிஷனுக்கு வேட்டு. கவுன்டர் பில்லில் அந்தக் கட்டத்தை மூடிவைக்கச் சொல்லுங்கள். பண்டிகை வாழ்த்து அனுப்பப் போன் நம்பர் மட்டும் போதும்.

வெளிமாநில வியாபாரம்தான் குறி என்றால், ஆடிட்டரிடம் பேசி முதலில் காம்போசிஷனிலிருந்து விலகுங்கள். விலகினால், கையிருப்புச் சரக்குக்குக் கட்டிய வரியை வரவு கேட்கலாம். 30 நாளுக்குள் படிவம் போடவேண்டும், வாங்கிய பில் ஓராண்டுக்குள் இருக்கவேண்டும். இதற்கும் அந்தச் சரக்குப் பட்டியல்தான் ஆதாரம்.

ஏப்ரல் 1 என்பது கணக்குப் பிள்ளைகளுக்கு வசதியான தேதி. நமக்கு சீசன் வாசல். மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மே முழுக்கக் கூட்டம் நிற்கும்போது புது மென்பொருளில் தடுமாறினால், அந்த மாத வருமானம் போய்விடும். ஜூலை மழையில் கடை காலியாக இருக்கும். அப்போது சரக்கை எண்ணுங்கள். குன்னூர்க் கடையில் மட்டும் பில்லிங்கைத் தொடங்கி, பூஜை, தீபாவளிக் கூட்டத்தில் சோதித்து, சரியாக இருந்தால் ஜனவரியில் ஊட்டிக்குக் கொண்டுபோங்கள். மொபைல் ஆப் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை வரும் டூரிஸ்ட் உங்கள் ஆப்பைப் போனில் வைத்திருக்கமாட்டார். பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டாலே ஆர்டர் வரும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முன்பணம் 20 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். கடைசித் தவணை, ஒரு மாதக் கணக்கும் அலமாரியில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போன பிறகு. உங்கள் தரவை எப்போது கேட்டாலும் எக்செல் கோப்பாகத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

இன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைப் பெயரில் டொமைன் (வெப்சைட் முகவரி) ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். கொட்டேஷன் கட்டத்திலேயே தங்கள் பெயரில் வாங்கிப் போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வாங்கியிருந்தால் அதற்கான காசை மட்டும் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கும் உங்கள் போன் நம்பருக்கும் மாற்றி வாங்குங்கள். அதுவரை வேறு எந்தப் பேச்சும் வேண்டாம்.