ஒன்பது வயதுக் குழந்தையிடம் டாக்டர் கேட்ட கேள்விகள்

கேள்வி: கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, 14 மாதங்களுக்கு முன் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவர் வேலை பார்க்கத் தரும் குடியிருப்பு அனுமதி) ஸ்டுட்கார்ட் வந்தோம். மனைவி எம்.எஸ்சி. கணிதம், ஊரில் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 9 வயது. வந்ததிலிருந்தே மனைவிக்கு எதிலும் பிடிப்பில்லை. வெளியே போவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். மாடிப்படி கூட்டும் முறை, ஞாயிற்றுக்கிழமை சத்தம் என்று கீழ்வீட்டுப் பாட்டியோடும் மனஸ்தாபம். கம்பெனி எங்களுக்கு இரண்டு நாள் கலாசாரப் பயிற்சி கொடுத்தது, மொழி வகுப்புக்கும் பணம் கட்டியது. நான் பி-1 (ஜெர்மன் மொழியில் நடுத்தர நிலை) முடித்துவிட்டேன். மனைவிக்கும் வகுப்பு தந்தார்கள், மாலை 6 மணி என்பதால் சரிப்படவில்லை. ஆனால் மகள் ஜெர்மனில் வெளுத்துக் கட்டுகிறாள். கடை, பள்ளி, டாக்டர் எல்லா இடத்திலும் அம்மாவுக்கு அவள்தான் பேசுகிறாள். போன மாதம் மகளிர் மருத்துவரிடம்கூட அவள்தான் போய் மொழிபெயர்த்தாள், எனக்கு அன்று ஆபீஸில் மென்பொருள் ரிலீஸ். ஆனால் சமீபமாக அம்மாவை எடுத்தெறிந்து பேசுகிறாள். மனைவி ஊருக்கே போகிறேன் என்கிறாள். இருவரையும் ஒரு வருடம் என் பெற்றோரிடம் அனுப்பி வைக்கலாமா? மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்:

தம்பி, இதே கடிதம் எனக்குப் பல ஊர்களிலிருந்து வருகிறது. ஊர்ப் பெயரையும் குழந்தையின் வயதையும் மாற்றிக்கொண்டால் போதும். 'போகப் போகப் பழகிவிடும், பொறுமையாக இருங்கள்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுதப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. மகளிர் மருத்துவரிடம் மகள் மொழிபெயர்த்தாள் என்கிற வரி. அதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதியிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அறையில் என்ன பேசுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது, எத்தனை நாள், போக்கு அதிகமா, கட்டி கட்டியாகப் படுகிறதா, தாம்பத்தியத்தின்போது வலி இருக்கிறதா, கரு கலைந்திருக்கிறதா, கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள். எந்த ஊர் டாக்டரும் கேட்கும் சாதாரணக் கேள்விகள். இவற்றை 9 வயதுக் குழந்தை டாக்டர் வாயிலிருந்து வாங்கி, தன் அம்மாவிடம் தமிழில் கேட்க வேண்டும். பிறகு அம்மாவின் பதிலை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அவள் கற்றிருப்பது பள்ளிக்கூட மைதானத்தின் ஜெர்மன். இதற்கெல்லாம் அவளுக்குத் தமிழிலும் சொல் தெரியாது, ஜெர்மனிலும் தெரியாது.

உங்கள் மனைவி என்ன செய்திருப்பார் என்று நான் சொல்கிறேன். பாதியை விழுங்கியிருப்பார். மகள் முன்னால் சொல்லக் கூடாததை டாக்டரிடமும் சொல்லாமலே எழுந்து வந்திருப்பார். அப்படியானால் அந்தப் பரிசோதனை நடந்ததாகவே கணக்கில்லை. இன்னொன்றும் கவனித்தேன். அவர் எதற்காக டாக்டரிடம் போனார் என்று கடிதத்தில் எங்குமே இல்லை. உங்களுக்கு ரிலீஸ் இருந்தது என்பது மட்டும் இருக்கிறது.

மகள் எடுத்தெறிந்து பேசுவதைத் தனிப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். கடையில் மீதிச் சில்லறை கேட்பது முதல் டாக்டரிடம் உடம்பைச் சொல்வது வரை தன்னை நம்பித்தான் அம்மா நிற்கிறாள் என்பதைக் குழந்தை கண்டுகொண்டுவிட்டது. வகுப்பாசிரியரோடு நடக்கும் சந்திப்பிலும் அவள்தானே பேசுகிறாள்? தன் படிப்பைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையைத் தானே மொழிபெயர்த்துப் பெற்றோருக்குச் சொல்லும் குழந்தை எதைச் சொல்வாள், எதை விடுவாள்? பள்ளியிலிருந்து வரும் காகிதத்தை முதலில் படிப்பதும் அவள்தான். வீட்டில் பெரியவர் யார் என்பது இப்படித்தான் தலைகீழாகும். அதற்குக் குழந்தையைத் திட்டிப் பயனில்லை, அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தது நீங்கள்.

சரி, வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். மாலை 6 மணி என்பதால் 'சரிப்படவில்லை'. யாருக்குச் சரிப்படவில்லை? வாரத்தில் ஓரிரு மாலை மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் நீங்கள். நீங்கள் ஆபீஸில் இருந்தீர்கள். வேலை நேரம் முடிந்ததும் மனிதர்கள் எழுந்து போவதைத் தப்பாக நினைக்காத நாடு அது. குழந்தையைக் கூப்பிடப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மேனேஜரே மீட்டிங்கிலிருந்து கிளம்புவார். அந்த இரண்டு நாள் பயிற்சியில் இதையும் சொல்லியிருப்பார்கள். நேரம் தவறாமை பற்றிய ஸ்லைடு மட்டும் உங்கள் மனதில் நின்றிருக்கிறது போல.

நீங்கள் ஏன் பி-1 முடித்தீர்கள் என்பதையும் ஊகிக்க முடிகிறது. ப்ளூ கார்டில் இருப்பவருக்கு ஏ-1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் மட்டும் இருந்தால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்க 27 மாதம் ஆகும். பி-1 இருந்தால் 21 மாதம். ஆறு மாதம் மிச்சம். தப்பில்லை. ஆனால் வீட்டில் இன்னொருவருக்கு ஜெர்மன் எதற்கெல்லாம் வேண்டும் என்ற கணக்கை நீங்கள் போடவே இல்லை. வாசல் கதவுக்கு ஒரே ஒரு சாவி செய்து அதைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டவர் மாதிரி நடந்திருக்கிறீர்கள். பிறகு, மனைவி வெளியே போவதில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

மற்ற விசாக்களில் போகும் சிலருக்கு மனைவி கிளம்பும் முன்பே ஏ-1 தேர்வு கட்டாயம். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கிறவர்களில் இப்படிக் கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்களும் உண்டு. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சலுகைதான். ஆனால் அந்தச் சலுகையால் உங்கள் மனைவி ஒரு வார்த்தை தெரியாமல் விமானத்தில் ஏறினார். போய் இறங்கிய பிறகாவது பார்த்திருக்கலாம். குடும்ப விசாவில் வருகிறவர்களுக்கு அரசே நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது. மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டம், வரலாறு, நடைமுறை இவற்றுக்கு 100 பாடவேளை. அதில் சேரும் உரிமை பொதுவாக முதல் அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குத்தான். அவருடைய அட்டையில் இருக்கும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால், அந்த வருடம் உங்கள் ரிலீஸ்களுக்கு நடுவில் போயிற்று.

மனைவிக்கும் வகுப்பு கொடுத்த நிறுவனத்துக்கு உங்கள் குடும்பத்தின் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கூட்டிவந்த ஊழியர் பாதியில் கிளம்பிப் போவதற்கு வேலையை விட வீட்டு நிலைமைதான் பெரும்பாலும் காரணம் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் துணைக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். கம்பெனிக்குத் தெரிந்தது கணவனுக்குத் தெரியவில்லை.

கீழ்வீட்டுப் பாட்டி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 'கேர்வோகே' என்று ஒரு முறை உண்டு. இந்த வாரம் மாடிப்படி, நடை, வாசல் கூட்டித் துடைப்பது யார் முறையோ, அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிடுவார்கள். முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவுக்கு மாற்ற வேண்டும். அனேகமாக உங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். நம் ஆட்கள் படி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அங்கே படி அழுக்கா இல்லையா என்பது கேள்வியே கிடையாது, உங்கள் முறை வந்தால் கூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சத்தமும் அப்படித்தான். அன்று காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது. உங்கள் வீட்டுக் கிரைண்டர் ஞாயிறு காலை ஓடுகிறது என்று நினைக்கிறேன். மாவை சனிக்கிழமை மதியமே ஆட்டிவிடச் சொல்லுங்கள். சொல்வதென்ன, நீங்களே ஆட்டுங்கள்.

இந்தப் பலகையும் பாட்டில் தொட்டியும் ஆபீஸ் பயிற்சியில் பெரும்பாலும் வராது. மீட்டிங்கில் எப்படி மறுத்துப் பேசுவது, மெயிலில் யாரை எப்படி விளிப்பது, இவைதான் வரும். ஆனால் ஆபீஸில் ஒருவர் 8 மணி நேரம் இருக்கிறார், அந்தக் கட்டடத்தில் இன்னொருவர் 24 மணி நேரமும் இருக்கிறார். இந்தத் தடவை முறை வரும்போது துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்குங்கள், மனைவியும் கூட வரட்டும். பாட்டி பார்க்கிற நேரமாகப் பார்த்து இறங்குங்கள். பாராட்டெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ஸ்வாபியர்கள், அதாவது அந்தப் பக்கத்து ஆட்கள், திட்டவில்லை என்றாலே மெச்சியதாக அர்த்தம்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? முதலில் மனைவியிடம் டாக்டர் என்ன சொன்னார், என்ன மருந்து எழுதினார், எது சொல்லாமல் விட்டுப்போயிற்று என்று கேளுங்கள். மகள் தூங்கின பிறகு கேளுங்கள். மறுபடி ஒரு தேதி வாங்குங்கள். இணையத்தில் டாக்டர் தேடும்போது அவர் பேசும் மொழியை வைத்துத் தேடலாம், ஆங்கிலமாவது நன்றாகப் பேசும் பெண் மருத்துவர் கிடைப்பார். அன்று லீவு போட்டு நீங்கள் கூடப் போங்கள். உங்களிடமும் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் என்றால், தமிழும் ஜெர்மனும் தெரிந்த ஒரு பெண்ணைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தராது. உங்கள் கைக்காசுதான். தாராளமாகச் செலவு செய்யுங்கள்.

அப்புறம் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில். மனைவியின் வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும், மகள் பள்ளியில் இருக்கும் காலை நேரத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பணம் காலாவதியாகிவிட்டது என்றால் நீங்களே கட்டுங்கள். ஸ்டுட்கார்ட்டின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, ரோட்டெப்யூல் சதுக்கத்தில் இருக்கும் மக்கள் கல்வி நிலையம், தனியார் பள்ளிகளை விட மலிவு. மாலை வகுப்புதான் கிடைக்கும் என்றால் அந்த மாலைகளில் ஐந்தரை மணிக்கு மேல் உங்கள் காலண்டரை அடைத்துவிடுங்கள். ப்ளூ கார்டுக்காரரின் மனைவி எந்த வேலைக்கும் போகலாம். அரசுப் பள்ளி ஆசிரியையாக இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு தெரிந்த ஒருவருக்கு அந்த ஊரில் வேலையே கிடைக்காது என்று நான் நம்ப மாட்டேன்.

மகளுக்கு இனி மூன்று இடத்தில் வேலை இல்லை: டாக்டர், வங்கி, ஆசிரியர் சந்திப்பு. ரொட்டிக் கடையில் பேசட்டும், அதில் அவளுக்கும் சந்தோஷம். இதுவரை செய்த உதவிக்கு நன்றி சொல்லி, இனி அப்பா பார்த்துக்கொள்வேன் என்று நேராகவே சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் அம்மாவிடம் கணக்கு கற்றுக்கொள்ளட்டும், தமிழிலேயே. அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று அவள் பார்த்துப் பல மாதமாகிறது.

கடைசியாக, ஊருக்கு அனுப்பும் யோசனை. கூடாது. 'ஒரு வருடம்' என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். ப்ளூ கார்டுக் குடும்பத்தினர் 12 மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அனுமதியே போய்விடும், அது தெரியுமா? அதை விட முக்கியம், உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பர்க்கில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. அடுத்து எந்த வகைப் பள்ளி என்று முடிவாகும் நேரத்தில் குழந்தையைப் பெயர்த்துக்கொண்டு போவீர்களா? உங்கள் பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். மகன் செய்ய வேண்டியதை அவர்கள் தலையில் கட்டி, மருமகள் ஏன் திரும்பி வந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? நம்மூரில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று சண்டை போடவாவது நாலு பேர் இருப்பார்கள். அங்கே உங்கள் மனைவிக்கு இருக்கும் சொந்தம் நீங்கள் ஒருவர்தான். வீட்டில் ஆளாக இருக்க வேண்டியது உங்கள் கடமை. கடமை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பள்ளிக் கோடை விடுமுறையில் மூன்று பேருமாக ஊருக்கு வந்து போங்கள். கிளம்பும் முன்பே இலையுதிர் காலத்தில் தொடங்கும் வகுப்பில் அவருக்கு இடம் பிடித்துவிட வேண்டும். பதிவுப் படிவத்தை உங்கள் மனைவியே நிரப்பட்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, எந்த நிலையில் சேர்ப்பது என்று பார்க்க அங்கே எப்படியும் ஒரு தேர்வு வைப்பார்கள்.