அமெரிக்காவில் சைலன்சர் பொருத்திய துப்பாக்கியால் வேட்டையாடலாமா?

பெரும்பாலான மாநிலங்களில் வேட்டையாடலாம். ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி உட்பட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சரை வைத்திருக்கவே தடை. கனெக்டிகட் மாநிலம் விசித்திரம்: வைத்திருக்கலாம், வேட்டைக்கு எடுத்துப்போகக் கூடாது.

1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து சைலன்சரை மத்திய அரசிடம் பதிவுசெய்தாக வேண்டும். அதற்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. வரிதான் போனது, பதிவு போகவில்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

திரைப்படத்தில் வரும் ‘புஸ்’ சத்தத்தை மறந்துவிடுங்கள். வேட்டை ரைஃபிளின் வெடிச்சத்தம் ஏறக்குறைய 160 டெசிபெல்; சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் பாய்வதால் எழும் சுளீர் ஓசையை அதனால் தடுக்க முடியாது. மான் ஓடத்தான் செய்யும். உங்கள் செவி பிழைக்கும், அவ்வளவுதான். காதடைப்பானையும் போட்டுக்கொள்வதே நல்லது.

துப்பாக்கிக் குழல் முனையில் திருகு மரை இருந்தால்தான் பெரும்பாலான சைலன்சர்களைப் பொருத்த முடியும். கூடுதல் எடையால் குண்டு விழும் இடம் சற்று மாறும் என்பதால், காட்டுக்குப் போகுமுன் சைலன்சரோடு சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்யுங்கள். சில முறை சுட்டதும் அது கொதிக்கும், வெறுங்கையால் கழற்றாதீர்கள்.