ஜால்கிரிஸ்: பச்சைச் சட்டை அணியைப் பற்றிய கடிதங்கள்

சென்ற இதழில் குடியாத்தத்து வாசகர் ஒருவர், தம் மகன் இரவு பதினொன்றரை மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு, பச்சைச் சட்டை அணிந்த ஏதோ ஓர் ஐரோப்பியக் கூடைப்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதாகவும், அது எந்த அணி என்று தமக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். ‘லிதுவேனியா நாட்டில் கௌனாஸ் நகரத்து ஜால்கிரிஸ் கிளப், ஐரோப்பாவின் வெற்றிகரமான கிளப்புகளுள் ஒன்று’ என்று இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரி வட ஆற்காட்டு வாசகர்களுக்குப் போதவில்லை என்பதை மேசை மீது சேர்ந்துவிட்ட கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

குடியாத்தம் வாசகர்: ஐயா, பதிலுக்கு நன்றி. ஊர் உறங்கும் நேரத்தில்தான் இவர்கள் ஆட வேண்டுமா?

அவர்கள் ஊரில் அப்போது இரவு எட்டு மணிதான். குளிர்காலத்தில் நமக்கும் கௌனாஸுக்கும் இடையே மூன்றரை மணி நேர வித்தியாசம். மார்ச் இறுதியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் அது இரண்டரை மணி நேரமாகக் குறைந்து, ஆட்டம் நமக்குப் பத்தரைக்கே தொடங்கிவிடும். சீசன் அக்டோபரில் ஆரம்பித்து மே மாதம் வரை நீளும். பொதுத்தேர்வும் அதற்குள்தான் வருகிறது என்பது தங்கள் கவலையாக இருந்தால், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

காட்பாடி வாசகர்: ‘வெற்றிகரமான கிளப்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தேடிப் பார்த்ததில் ஜால்கிரிஸ் ஐரோப்பியப் பட்டத்தை ஒரே ஒரு முறைதான் வென்றிருக்கிறது. இது எப்படி வெற்றி?

நியாயமான இடித்துரைப்பு. 1958-ல் தொடங்கி இன்று யூரோலீக் என்ற பெயரில் நடக்கும் ஐரோப்பியச் சாம்பியன் போட்டியை ரியல் மாட்ரிட் 11 முறை வென்றிருக்கிறது. மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. (சென்னை அணி என்று வாசித்துவிட வேண்டாம், இது ராணுவத்தின் விளையாட்டுக் கழகம்) 8 முறை வென்றது. ஏதென்ஸின் பானாதினாய்கோஸ் 7, டெல் அவிவின் மக்காபி 6. இந்த வரிசையில் ஜால்கிரிஸின் ஒற்றைப் பட்டம் சிறியதாகத்தான் தெரியும்.

ஆனால் மாட்ரிட், மாஸ்கோ, ஏதென்ஸ் ஆகிய மூன்றும் தலைநகரங்கள். கௌனாஸில் வாழ்வோர் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர்தான். நம் வேலூர் மாநகராட்சியின் மக்கள்தொகை அதைவிட அதிகம். லிதுவேனியா நாடு முழுவதையும் கூட்டினாலும் முப்பது லட்சம் தேறாது. அப்படிப்பட்ட ஊரில் 1944-ல் பிறந்த ஒரு கிளப், சோவியத் யூனியனின் சாம்பியன் பட்டத்தை 1947, 1951, 1985, 1986, 1987 என ஐந்து முறை வென்றது. 1986-ல் கண்டங்களுக்கு இடையிலான கோப்பையையும், 1998-ல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையையும், 1999-ல் யூரோலீக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1993-ல் தொடங்கிய உள்நாட்டு லீகில் முதல் ஆறு சீசன்களின் பட்டமும் அவர்களுக்கே. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதானால் நான் தோற்றேன். யாரை எதிர்த்து, எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதானால் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன்.

சத்துவாச்சாரி வாசகர்: ‘ஜால்கிரிஸ்’ என்றால் என்ன பொருள்? சோவியத் ஆட்சியில் ஒரு சிறு நகரம் மாஸ்கோவை வென்ற கதையை விரிவாகச் சொல்லுங்கள்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வேலூர்க் கோட்டைக்கு எதிரே மக்கான் பகுதியில், 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்களின் நினைவாக ஒரு தூண் நிற்பதைத் தாங்கள் நாளும் கடந்திருப்பீர்கள். லிதுவேனியர்களுக்கு அப்படி மனத்தில் நிற்கும் ஜூலை நாள் 1410-ஆம் ஆண்டின் 15-ஆம் தேதி. அன்று போலந்தும் லிதுவேனியாவும் கூட்டுச் சேர்ந்து ஜெர்மானிய டியூடானிக் வீரர் சங்கத்தின் படையைக் குருன்வால்ட் என்னும் இடத்தில் முறியடித்தன. அவ்விடத்துக்கு லிதுவேனிய மொழியில் வழங்கும் பெயரே ஜால்கிரிஸ். பச்சை வனம் என்று பொருள்படும். சட்டையின் நிறத்துக்கும் பெயருக்கும் உள்ள பொருத்தம் இனிப் புரியும். ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த 1944-ல், ஜெர்மானியரை வென்ற ஒரு போர்க்களத்தின் பெயரைச் சூட்டுவதில் சோவியத் அதிகாரிகளுக்கு என்ன தடை இருந்திருக்க முடியும்? ஊர்க்காரர்களோ அதே பெயரில் தங்கள் பழைய அரசின் பெருமையைக் கேட்டுக்கொண்டார்கள்.

கூடைப்பந்து அந்நாட்டுக்குப் புதிதல்ல. சோவியத் யூனியன் 1940-ல் லிதுவேனியாவை இணைத்துக்கொள்ளும் முன்பே, 1937-லும் 1939-லும் அந்நாடு ஐரோப்பியச் சாம்பியனாகிவிட்டிருந்தது. 1939 போட்டி கௌனாஸிலேயே, அதற்கெனக் கட்டிய உள்ளரங்கில் நடந்தது. அண்டை நாடான லாட்வியாவுடனான ஆட்டத்தை 37–36 என ஒரே புள்ளியில் வென்றுகொடுத்தவர் பிரானாஸ் லுபினாஸ். லாஸ் ஏஞ்சலிஸில் லிதுவேனியக் குடும்பத்தில் பிறந்து, 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்று, பின்பு பெற்றோரின் நாட்டுக்கு ஆட வந்தவர். அடுத்த ஆண்டே நாட்டின் கொடி இறக்கப்பட்டது, ஆனால் பழக்கம் மாறவில்லை. தனி நாட்டு அணி இல்லாமற்போன அரை நூற்றாண்டில் கிளப்பே நாட்டு அணியாயிற்று.

எதிரில் இருந்த சி.எஸ்.கே.ஏ.வின் பலம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இக்கதை விளங்காது. சோவியத் இளைஞர் எவரும் கட்டாய ராணுவப் பணி செய்ய வேண்டும். ராணுவத்துக்கென ஓர் அணி இருந்தால், நாட்டின் எந்த மூலையில் திறமையான பையன் தலைதூக்கினாலும் அவனைப் படையில் சேர்த்து அந்த அணியில் நிறுத்த முடியும். இந்த வசதியோடு 1976 முதல் 1984 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் அவர்களே சாம்பியன். அந்தத் தொடரை 1985-ல் அறுத்தவர்கள் பயிற்சியாளர் விளாதாஸ் கராஸ்டாஸின் பையன்கள். அர்விதாஸ் சபோனிஸ், ரிமாஸ் குர்டினைடிஸ், வால்டெமாராஸ் கோமிசியூஸ், செர்கேயுஸ் யோவைஷா என அணியின் தூண்கள் அனைவரும் அம்மண்ணின் மைந்தர்கள். 1986-லும் 1987-லும் இறுதியில் அதே சி.எஸ்.கே.ஏ.வை மறுபடியும் வீழ்த்தினார்கள். ராணுவத்தின் அணியைத் தோற்கடிப்பது என்பதற்கு அந்த ஊரில் விளையாட்டு என்ற ஒரு பொருள் மட்டும் இருந்திருக்காது.

அக்காலத்து ஒரு கரும்புள்ளியையும் சொல்லிவிடுகிறேன். 1986 ஏப்ரலில் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில், டிராஜென் பெட்ரோவிச் ஆடிய சாக்ரெப் நகரத்துச் சிபோனா அணியிடம் ஜால்கிரிஸ் 94–82 எனத் தோற்றது. இரண்டாம் பாதியில் எதிரணியின் மிஹோவில் நாகிச்சைச் சபோனிஸ் கைமுட்டியால் குத்தியதற்காக நடுவர் அவரை வெளியேற்றினார். இருபத்தொரு வயது என்பது காரணமாகலாம், சமாதானமாகாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் இருந்த நான்கு லிதுவேனியர்களுள் மூவர் ஜால்கிரிஸ் ஆட்டக்காரர்கள். 1990-ல் நாடு விடுதலையை அறிவித்தது. கிளப்பும் சோவியத் லீகை விட்டு வெளியேறியது.

ஆரணி வாசகர்: சபோனிஸ் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றால், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கு முப்பது வயதில்தான் போனாராமே, ஏன்?

போர்ட்லண்ட் அணி 1986-லேயே அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது; சோவியத் அரசு விடவில்லை. அதற்குள் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறும் முன்பே மீண்டும் அறுந்தது. 1989-ல் வெளிநாடு செல்ல அனுமதி கிடைத்ததும், உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரியாத நிலையில், ஸ்பெயினின் வயாடோலிட் கிளப்புக்குப் போனார். 1992-ல் ரியல் மாட்ரிட்டுக்கு மாறி, 1995-ல் அவர்களுக்கு யூரோலீக்கை வென்று கொடுத்துவிட்டுத்தான் போர்ட்லண்டில் இறங்கினார். காட்பாடி வாசகருக்கு நான் கணக்கிட்டுச் சொன்ன அந்தப் பதினொன்றில் ஒன்று இப்படிக் கௌனாஸ்காரர் கைபட்டது.

ஏழடி மூன்றங்குல உயரக்காரரிடம் என்னை வியக்கவைத்தது உயரம் அன்று. நாங்கள் பள்ளியில் பந்தாடிய காலத்தில், கத்திரி வெயிலில் எட்டு மணிக்கே சிமெண்டுத் தரை காலைச் சுட்டுவிடும் என்பதால் ஐந்தரைக்கே வலையில்லாத ரிங்கின் கீழ் கூடுவோம். வளர்ந்தவனைப் பார்த்து மாஸ்டர் சொல்லும் ஒரே சொல் ‘போர்டுக்குக் கீழே போய் நில்’ என்பதுதான். சபோனிஸின் பழைய ஆட்டங்களைப் பார்த்தால், வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி, தலையைக்கூடத் திருப்பாமல், பின்னால் வெட்டி ஓடும் தோழனின் கைக்கு ஒற்றைக் கையால் பந்தை ஊட்டுவதைக் காணலாம். எங்கள் அணியின் நெட்டையனுக்கு அதை யாரேனும் காட்டியிருந்தால் அவன் போர்டின் கீழேயே மூன்று வருடம் நின்றிருக்க மாட்டான்.

ராணிப்பேட்டை வாசகர்: 1999 வெற்றியைப் பற்றி?

இதில் சபோனிஸ் இல்லை. அவர் அப்போது போர்ட்லண்டில் இருந்தார். பயிற்சியாளர் யோனாஸ் கஸ்லாவ்ஸ்காஸ் உள்ளூர்ப் பையன்களோடு சில வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுள் டைஸ் எட்னி என்ற அமெரிக்கர், ஆறடியைத் தொடாத உயரம், மின்னல் கால்கள். இவர் 1995-ல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் மிசூரி அணிக்கெதிராக, மீதமிருந்த 4.8 நொடியில் பந்தை முழு ஆடுகளமும் தட்டிக்கொண்டு ஓடி, கூடையருகே எழும்பிப் பந்தை இடும் லே-அப் போட்டு வென்றவர். எட்னியின் கல்லூரி அணியில் சென்டராக (கூடையருகே நிற்கும் நெட்டையராக) ஆடிய செக் நாட்டு யீர்ஷி ஜீடெக்கும் 1999-ல் கௌனாஸில் உடன் ஆடினார். மியூனிக்கில் அரையிறுதியில் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸை 87–71 என்றும், இறுதியில் நடப்புச் சாம்பியனாக வந்த இத்தாலியின் கிண்டர் போலோன்யாவை 82–74 என்றும் வீழ்த்தினார்கள். சிறந்த ஆட்டக்காரர் எட்னி.

ஆம்பூர் வாசகர்: அவ்வளவு சிறிய ஊர் இவ்வளவு செலவை எப்படித் தாங்குகிறது?

எப்போதும் தாங்கவில்லை. 2013-ல் அன்றைய உரிமையாளரின் வங்கி மூழ்கியபோது கிளப்பும் கூடவே தள்ளாடியது. காப்பாற்றியதில் அரங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நெமுனாஸ், நெரிஸ் ஆகிய இரண்டு ஆறுகள் கூடும் ஊர் கௌனாஸ். நெமுனாஸ் ஆற்றுத் தீவில் 2011-ல் திறக்கப்பட்ட ஜால்கிரிஸ் அரங்கில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். (ஆற்றில் வருடம் முழுவதும் நீர் ஓடுவதைப் பற்றிப் பாலாற்றங்கரை வாசகருக்கு நான் எழுதுவது கொஞ்சம் கொடுமைதான்.) ஊர்த் தொகையோடு ஒப்பிட்டால் இருபதில் ஒருவர் ஒரே நேரத்தில் உள்ளே உட்காரலாம் என்று கணக்காகிறது, நுழைவுச்சீட்டு வருமானம் அங்கே சில்லறை விஷயமல்ல. 2023-ல் யூரோலீக் இறுதிச் சுற்றே அங்குதான் நடந்தது. ரியல் மாட்ரிட் 79–78 என ஒலிம்பியாகோஸை வென்று பதினோராவது பட்டத்தைத் தூக்கியது அந்த அரங்கில்தான். 2016 தொடக்கத்தில் பயிற்சியாளரான ஊர்க்காரர் ஷாருனாஸ் யாசிகெவிசியூஸ், பணக்கார அணிகளுக்கு நடுவே 2018-ல் இவர்களைக் கடைசி நால்வருக்குள் கொண்டுபோய், சி.எஸ்.கே.ஏ.வை 79–77 என வீழ்த்தி மூன்றாமிடமும் வாங்கிக்கொடுத்தார்.

வாலாஜாபேட்டை வாசகர்: இந்த அணியின் ரசிகர்கள் மறக்க விரும்பும் ஆட்டம் ஏதும் உண்டா?

2004 ஏப்ரல் 8, டெல் அவிவ். வெல்பவர் கடைசி நால்வருக்குள் நுழையலாம். முப்பத்தொன்பது வயதில், அறுவை கண்ட கால்களோடு ஊர் திரும்பியிருந்த சபோனிஸ் அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். கிளப்பின் தலைவரும் அவரே. ஆட்டம் முடிய ஓரிரு நொடிகளே இருக்கையில் ஜால்கிரிஸ் மூன்று புள்ளி முன்னிலை. எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் (யாரும் தடுக்காத வீச்சில்) ஒன்று விழுந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும், விழவில்லை. மக்காபியின் டெரிக் ஷார்ப், நீளமாக எறியப்பட்ட பந்தைப் பிடித்துத் திரும்பியபடியே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசினார். சமநிலை. கூடுதல் நேரத்தில் மக்காபி 107–99. அன்று மக்காபியின் சட்டையில் ஆடியவர்களுள் ஒருவர், மேலே சொன்ன அதே யாசிகெவிசியூஸ்.

ராணிப்பேட்டை பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர்: யூரோலீக் ஆட்டத்தில் வளையத்தின் மேல் உருளும் பந்தைத் தடுப்பாட்டக்காரர் தட்டிவிடுகிறார், நடுவர் ஊதவில்லை. என்.பி.ஏ.வில் ஊதுகிறார்கள். என் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தருவது?

யூரோலீக்கில் நடந்ததையே. நம் மாவட்டப் போட்டிகளும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படியே நடக்கின்றன. களத்திலிருந்து வீசிய பந்து வளையத்தைத் தொட்ட பிறகு எவரும் மேலிருந்து அதைத் தட்டலாம். கூடைக்குள் கையைக் கீழிருந்து நுழைப்பதும், கூடையையோ போர்டையோ அசைப்பதும் கூடாது. கடைசி ஃப்ரீ த்ரோ அல்லாத முந்தைய வீச்சுகளைத் தொடவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். பிள்ளைகள் தவறு செய்வது பெரும்பாலும் அங்கேதான்.