முழித்தேன், முழித்திருந்தேன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ‘வேக்’ என்ற சொல்லுக்கு ஒத்த சொற்களை ஒரு செயலியில் தேடினால் அவேக், வேக்கன், அவேக்கன், அரைஸ், ரௌஸ், ஸ்டர் என்று வரிசையாக வருகிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன். பரீட்சையில் இவற்றில் எதை எழுதினால் மதிப்பெண் கூடும்? இன்னும் 20 சொல் இருந்தால் அனுப்புங்கள். செய்திகளில் ‘வோக்’ என்று அடிபடுகிறதே, அதுவும் இதுதானா?

– ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

20 சொல் அனுப்ப மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டுக் களைத்து வருகிற பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித் தருகிறீர்கள், அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பட்டியலை உருப்போடச் சொன்னது அநியாயம். நாளைக்கே ஒரு பிள்ளை “மை மதர் அரைஸஸ் மீ” என்று எழுதி வைக்கும். அரைஸ் யாரையும் எழுப்பாது. இன்றைய ஆங்கிலத்தில் சிக்கலும் சந்தேகமும் கிளம்புவதற்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. ரௌஸ் எழுப்பும், ஆனால் லேசில் எழாத ஆளை. ஸ்டர் என்றால் தூக்கத்தில் அசைந்து கொடுப்பது, கண் திறந்தாக வேண்டும் என்றில்லை. வேக்கனும் அவேக்கனும் ஏட்டு நடை. மயக்க மருந்து தெளிந்து கண் திறப்பதற்குக் ‘கம் ரவுண்ட்’ என்று ஒன்று உண்டு. அன்றாடம் புழங்கும் அது உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

பீட்டர் மார்க் ரோஜே 1852இல் தெசாரஸை, அதாவது ஒத்த சொற்களின் தொகுப்பை, வெளியிட்டபோது சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. கருத்து வாரியாக 1,000 தலைப்புகளில் அடுக்கினார். சொல் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது – அப்படித் தவிப்பவருக்கான புத்தகம் அது. சொல்லையே புதிதாகக் கற்கிற பிள்ளை கையில் வெறும் பட்டியலைக் கொடுத்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கும்.

பிள்ளைகள் நிஜமாகத் தடுக்கி விழுகிற இடம் வேறு. ராத்திரி இரண்டு மணி வரை கண் முழித்துப் படித்தவன் “ஐ வோக் அப் டில் டூ” என்று எழுதுகிறான். வேக் அப் என்பது கண்ணைத் திறந்ததும் முடிந்துபோகிற காரியம். அது இரண்டு மணி வரை எப்படி நீளும்? தமிழில் இந்தக் குழப்பம் நமக்குக் கிடையாது. “முழிச்சேன்” வேறு, “முழிச்சிருந்தேன்” வேறு என்று மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். நாம் ‘இரு’ சேர்த்துச் சமாளிப்பதை ஆங்கிலக்காரன் வேறு சொல் போட்டுச் சமாளிக்கிறான். முழித்தேன் – வோக் அப். முழித்திருந்தேன் – வாஸ் அவேக். தூங்காமல் சமாளித்தால் ஸ்டேட் அவேக். படுக்கவே போகாவிட்டால் ஸ்டேட் அப். படுத்தும் தூக்கம் வராமல் கிடந்தால் லே அவேக். அப்பா வரட்டும் என்று முழித்திருந்தால் வெயிட்டட் அப். கொட்டக் கொட்ட முழித்திருந்தால் ‘வைட் அவேக்’, ‘வெரி அவேக்’ அல்ல. ‘தி பேபி இஸ் அவேக்’ சரி, ‘ஆன் அவேக் பேபி’ என்று யாரும் சொல்வதில்லை.

தூக்கத்துக்கும் இதே கணக்குதான். ‘ஸ்லீப்’ நீள்கிற காரியம், ‘ஃபால் அஸ்லீப்’ கண் அசருகிற கணம். “ஐ ஸ்லெப்ட் அட் லெவன்” என்று நம்மூரில் எல்லாரும் எழுதுகிறோம். ‘வென்ட் டு பெட்’ அல்லது ‘ஃபெல் அஸ்லீப்’ என்றுதான் எழுத வேண்டும். இதைவிட மோசம் “ஐ ஸ்லெப்ட் லேட்”. நாம் நினைப்பது, நேரங்கழித்துப் படுத்தேன் என்று. இங்கிலாந்துக்காரன், அமெரிக்கன் காதில் விழுவது, விடிந்தும் வெகுநேரம் தூங்கினேன் என்று. ராவெல்லாம் வேலையை முடித்துக் கொடுத்தவன் வெளிநாட்டு மேலாளருக்கு இப்படி மின்னஞ்சல் போட்டால், தன்னைச் சோம்பேறி என்று தானே எழுதிக் கொடுத்தாயிற்று. அவன் எழுத வேண்டியது “ஐ வென்ட் டு பெட் லேட்”. வேண்டுமென்றே கூடக் கொஞ்சம் தூங்கினால் ஸ்லெப்ட் இன், அசந்து தூங்கி பஸ்ஸை விட்டால் ஓவர்ஸ்லெப்ட். இதைப் பத்துத் தடவை சொல்லுங்கள். பதினோராவது தடவையும் எவனாவது “ஸ்லெப்ட் லேட்” என்பான்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கிற இடமும் ஒன்று உண்டு. “எழுந்துட்டியா?” என்பது கண் திறப்பதற்கும் பாயை விட்டு எழுவதற்கும் பொது. ஆங்கிலத்தில் முதலாவது வேக் அப், இரண்டாவது கெட் அப். ஐந்துக்கு முழித்து ஆறு வரை புரண்டு கிடக்கிறவனுக்கு இரண்டும் வேண்டும். அப்புறம் ‘வேக் அப் மீ’ கூடாது, ‘வேக் மீ அப்’. பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம். “தி அலாரம் வென்ட் ஆஃப்” என்றால் அலாரம் அடித்தது. நின்றுபோனது என்று பாதி வகுப்பு எழுதும், பாருங்கள்.

வோக்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தது, இன அநீதி குறித்து விழிப்பாயிருப்பது என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 2017இல் ஏறியது. இப்போது வசவாகவும் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு வேண்டாம்.

மதிப்பெண் கேட்டீர்கள் அல்லவா? அது போவது ‘வேக்ட்’, ‘அவேக்ட்’ என்று எழுதுவதில். வேக், வோக், வோக்கன். அவேக், அவோக், அவோக்கன். இவ்வளவுதான்.

நாளைக்குப் பிள்ளைகளை நேற்று ராத்திரியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எப்போது படுத்தார்கள், எப்போது கண் அசந்தது, நடுவில் முழிப்பு வந்ததா, எவ்வளவு நேரம் முழித்துக் கிடந்தார்கள், யார் எழுப்பியது, பாயைச் சுருட்டியது எத்தனை மணிக்கு. முதலில் தமிழில். ‘முழித்தேன்’ ரகத்துக்கு ஒரு கோடு, ‘முழித்திருந்தேன்’ ரகத்துக்கு இரண்டு கோடு போடட்டும். ஆங்கிலம் அதற்கப்புறம்.