ஹோல்டுக்குள் இறங்க மறுத்தால் வேலை போய்விடுமா?

கேள்வி: "எங்களுக்கு உவரிப் பக்கம். என் தம்பி ஒரு துறைமுகத்தில் ஒப்பந்தக்காரரிடம் சரக்கு இறக்கும் கேங்கில் இருக்கிறான். போன மாதம் மரத்தடி ஏற்றி வந்த கப்பலில், காற்றைச் சோதிக்காமலே ஹோல்டுக்குள், அதாவது கப்பலின் அடியில் இருக்கும் சரக்கு அறைக்குள், இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்று சொன்ன அண்ணாச்சி ஒருவரை அதற்கப்புறம் ஒரு வாரம் வேலைக்குக் கூப்பிடவே இல்லையாம். தம்பி பயந்துபோய் இறங்கிவிட்டான். சங்கத்தில் சேர்ந்தால் இவனையும் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ? கப்பலில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், வெளிநாட்டில் சங்கம் சொல்லாமல் கிரேன் அசையாது என்கிறார். அதனால் நமக்கு என்ன பிரயோசனம்?"

பதில்: தங்கச்சி, சங்கத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த ஹோல்டு.

மரத்தடி, நிலக்கரி, கொப்பரை, பழைய இரும்பு இதெல்லாம் மூடிய அறைக்குள் நாள்கணக்கில் கிடந்தால், அங்கே இருக்கும் ஆக்சிஜனை மெல்லத் தின்றுவிடும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். ஹோல்டுக்குள் அது 10-க்குக் கீழே போயிருந்தால் இறங்குகிறவர் ஏணியிலேயே மயங்கி விழுவார். 6-க்குக் கீழே என்றால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். நாற்றம் இருக்காது, மூச்சு முட்டுவது போலவும் இருக்காது. ஹோல்டின் மேலே இருக்கும் பெரிய மூடியை, ஹட்சை, திறந்துவிட்டோமே என்பார்கள். ஆனால் ஏணி இறங்குகிற குறுகிய கூண்டு தனி அறை. ஹட்ச் திறந்து அரைநாள் ஆனாலும் அதற்குள் பழைய காற்றே நிற்கும். விழுந்தவரைத் தூக்க இரண்டாவது ஆள் பதறி இறங்குவார், அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள். ஒரே கூண்டில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

நம் ஊரில் பாழுங்கிணற்றுக்குள் இறங்கும் முன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்குவதில்லை. அந்த அறிவுதான் இங்கேயும் வேண்டும். ஆனால் விளக்கு கூடாது, கப்பலில் தீப்பற்றும் வாயுவும் இருக்கலாம். காற்றை அளக்கும் மீட்டர்தான். தம்பியிடம் "மாட்டேன்" என்று சொல்லச் சொல்லாதீர்கள். "ரீடிங் எவ்வளவு?" என்று கேட்கச் சொல்லுங்கள். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் எடுத்த ரீடிங், எழுத்தில் அனுமதிச் சீட்டு, இறங்கும் வாசலில் ரேடியோவோடு ஓர் ஆள். இது மூன்றும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. கப்பல் அதிகாரிக்கும் இந்த நடைமுறை தெரியும். அவரிடமே கேட்கலாம். மரத்தடிக்குப் பூச்சிமருந்துப் புகை போட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 1986-ல் வந்த தனிச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. தனிச் சட்டம் போனது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தொகுப்பில் பிடித்துக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கின்றன. உடனடி ஆபத்து என்று தொழிலாளிக்கு நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடமும், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்ல உரிமை உண்டு. முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் விஷயம் ஆய்வாளரிடம் போக வேண்டும், அவர் முடிவுதான் இறுதி. அடுத்தது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். தூத்துக்குடி மாதிரிப் பெரிய துறைமுகம் என்றால் இதெல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடியிலேயே கப்பல்துறைப் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது, நேரே அங்கே போகலாம். சிறிய துறைமுகம் என்றால் மாநில அதிகாரி.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம். ஆனால் ஒப்பந்தக்காரர் அந்த அண்ணாச்சியை நிறுத்தவில்லையே, கூப்பிடாமல்தானே விட்டார்! காகிதத்தில் எதுவும் நடக்கவில்லை. துறைமுக வேலையில் முதன்மையான கேள்வியே இதுதான்: காலையில் பேர் கூப்பிடும் பட்டியல் யார் கையில் இருக்கிறது?

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதன் வேரும் அங்கேதான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு காலத்தில் தினமும் காலையில் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள், மேஸ்திரி முகம் பார்த்துக் கை காட்டியவருக்குத்தான் வேலை. எதிர்த்துப் பேசினால் மறுநாள் கை காட்டமாட்டார். 1934 மே மாதம் அங்கே துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 5-ல் சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். முடிவில் அவர்கள் வாங்கியது கூலி உயர்வு மட்டுமல்ல. ஆள் அனுப்பும் கூடம் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்துவது என்றானது, முறை பார்த்து ஆளை அனுப்புகிறவரைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு "இந்த ஏணி சரியில்லை" என்று ஒருவர் சொன்னால், மறுநாள் அவர் பேர் பட்டியலில் அதே இடத்தில் இருந்தது. இந்தியாவிலும் 1948-ல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இதே எண்ணத்தோடு வந்தது. பதிவு, முறை வைத்து வேலை, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு தொகை. பிறகு இதை நடத்திவந்த கப்பல்துறைத் தொழிலாளர் வாரியங்கள் துறைமுகங்களோடு இணைந்தன, ஒப்பந்த கேங்குகள் பெருகின. பட்டியல் மறுபடி மேஸ்திரி பையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதனால் தம்பி தனியாகப் போய்ச் சந்தா கட்டுவதால் மட்டும் பாதுகாப்பு வராது. கேங்கோடு போக வேண்டும். ஒருவரைக் கூப்பிடாமல் விடலாம், பதினைந்து பேரையும் விட்டால் கப்பல் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள், ஊர் பின்னால் நின்றது. நிர்வாகம் இறங்கிவந்தது. அந்த ஊர்த் துறைமுகத்துக்கு இன்று வ.உ.சி. பெயர்தான் இருக்கிறது.

வெளிநாட்டுச் சங்கத்தால் நமக்கு நேரடிப் பலனும் உண்டு. ஐ.டி.எஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1896-ல் லண்டனில் தொடங்கியது. கன்டெய்னரை எடை சரிபார்க்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்று 2016 ஜூலையில் உலக விதி வந்ததே, அதற்கு இவர்களும் பல வருடம் குரல் கொடுத்தார்கள். பொய் எடை போட்ட கன்டெய்னர் கிரேனையே சாய்த்துவிடும். உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று: ஐ.டி.எஃப் ஒப்பந்தம் உள்ள கப்பல்களில் 2020 ஜனவரி முதல் ஒரு விதி இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர் இருக்கும் இடத்தில் கன்டெய்னரைக் கட்டி அவிழ்க்கும் லாஷிங் வேலையை மாலுமிகள் தலையில் கட்டக்கூடாது. அவருடைய கப்பலுக்கு அது பொருந்துமா என்று ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடிக்காற்று அடிக்கிற நேரத்தில், ஓய்வில்லாமல் வந்த மாலுமி கன்டெய்னர் அடுக்கின் மேல் நின்று ராடு பிடிப்பது எத்தனை ஆபத்து என்று அவரே சொல்வார். வீட்டில் ஒருவர் கப்பலிலும் ஒருவர் கரையிலும் இருக்கிறார்கள், இரண்டு பேர் பாதுகாப்பும் இந்த விதியில் இருக்கிறது.

காகிதங்களையும் சேர்த்து வையுங்கள். நியமனக் கடிதம், கேட் பாஸ், சம்பளம் வங்கியில் ஏறிய கணக்கு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல். இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் விபத்துக்கான உதவி அந்த வழியில் வரும். இல்லாவிட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமே பொறுப்பு. 2020-ல் வைத்த 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின்படி, 30 வயதுத் தொழிலாளி இறந்தால் 15,59,850 ரூபாய், நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போனால் 18,71,820 ரூபாய். சம்பளத்தைக் கையில் வாங்கி, காகிதமே இல்லாமல் போனதால் இதில் பாதிகூட வாங்க முடியாத குடும்பங்கள் உண்டு.

தம்பி முதலில் செய்ய வேண்டியது, அன்றைக்கு முடியாது என்று சொன்ன அந்த அண்ணாச்சியை வீட்டில் போய்ப் பார்ப்பது. கப்பல் பெயர், தேதி, ஷிஃப்ட், இறங்கச் சொன்னவர், கூப்பிடாமல் விட்ட நாள்கள் எல்லாவற்றையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதட்டும். கேங்கில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு சங்க அலுவலகத்துக்குப் போகட்டும்.